சிறுநீரில் புரதம்: அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் இரத்தம், சிறுநீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பணிபுரிகிறேன். காவேரிப்பட்டினம், பர்கூர், ஊத்தங்கரை, பாலக்கோடு, அரூர் எனப் பல ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அறிக்கையை வாங்கிய கையோடு கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, நிதானமாக விடை தர முயன்றிருக்கிறேன். அறிக்கையைப் புரிந்துகொள்ள உதவுவதே இதன் நோக்கம். மருந்தைத் தொடங்குவதையும் நிறுத்துவதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

யூரின்ல புரோட்டீன் போகுதுன்னு எழுதியிருக்கே சார், சாப்பிடற புரோட்டீன் எப்படி யூரினுக்கு வருது?

சிறுநீரில் வருவது நாம் உண்ட பருப்போ முட்டையோ அல்ல. இரத்தத்தில் இருக்கும் புரதம். இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரத்தத்தின் முக்கியப் புரதமான ஆல்புமினை அவை பெரும்பாலும் உள்ளேயே தடுத்து நிறுத்திவிடுகின்றன. தப்பி வரும் சிறிதளவையும் அடுத்துள்ள நுண்குழாய்கள் உறிஞ்சித் திரும்ப இரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன. ஆகவே நலமாக உள்ளவரின் சிறுநீரில் ஒரு நாளில் மொத்தப் புரதம் 150 மில்லிகிராமுக்கும், அதில் ஆல்புமின் 30 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்கும்.

இந்த அளவு மீறப்படுவதற்கு மூன்று வழிகள் உண்டு. வடிகட்டி பழுதடைந்து ஆல்புமின் கசிவது முதல் வழி. சர்க்கரை நோயிலும் பெரும்பாலான சிறுநீரக அழற்சிகளிலும் நடப்பது இதுதான். வடிகட்டி சரியாக இருந்தும் நுண்குழாய் உறிஞ்சத் தவறுவதால் சிறிய புரதங்கள் வெளியேறுவது இரண்டாவது வழி. இரத்தத்திலேயே ஏதோ ஒரு சிறிய புரதம் அளவுக்கு மீறி உற்பத்தியாகி வழிந்து வருவது மூன்றாவது வழி. இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் விடைகள் எளிதில் விளங்கும்.

எனக்கு வலியும் இல்ல, கால் வீக்கமும் இல்ல. அப்புறம் எதுக்கு இந்த டெஸ்ட்?

வலி இல்லை என்பதற்காகவே இந்தப் பரிசோதனை தேவைப்படுகிறது. வடிகட்டியில் கசிவு தொடங்கும் காலத்தில் உடலில் எந்த அறிகுறியும் தெரியாது. கால் வீங்கும் அளவுக்குப் புரதம் வெளியேறும்போது நோய் வெகுதூரம் வந்திருக்கும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், குடும்பத்தில் சிறுநீரக நோய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உள்ளவர்கள் உடல் நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ட்ரேஸ், 1+, 2+ன்னு போட்டிருக்கு. எத்தனை ப்ளஸ் வந்தா பயப்படணும்?

இந்த ப்ளஸ் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் அச்சமும் அலட்சியமும் குறையும். பிளாஸ்டிக் பட்டையின் மேல் சாயம் ஊறிய ஒரு சிறு மஞ்சள் கட்டம் இருக்கும். பட்டையைச் சிறுநீரில் நனைத்து எடுத்ததும், புரதத்தின் அளவுக்கு ஏற்ப அந்த மஞ்சள் இளம்பச்சையாகி, பிறகு நீலம் கலந்த அடர்பச்சையாகும். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அதைப் புட்டியின் மேல் உள்ள நிற அட்டவணையோடு ஒப்பிட்டு எழுதுகிறோம். பொதுவாக ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) சிறுநீரில் 30 மி.கி. அளவை 1+ என்றும், 100 மி.கி. அளவை 2+ என்றும், 300 மி.கி. அளவை 3+ என்றும் குறிப்பார்கள். ட்ரேஸ் என்பது 30க்குக் கீழே.

பட்டை காட்டுவது அடர்த்தியை மட்டுமே. நாள் முழுவதும் வெளியேறிய மொத்த அளவு அதற்குத் தெரியாது. இருவருக்கும் நாளொன்றுக்கு 450 மி.கி. புரதம் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் வேலை செய்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, 900 மி.லி. மட்டுமே சிறுநீர் கழித்தவருக்கு டெசிலிட்டருக்கு 50 மி.கி. வரும், பட்டை 1+ஐத் தாண்டும். மூன்று லிட்டர் கழித்தவருக்கு 15 மி.கி.தான் வரும், பட்டை ட்ரேஸ் என்றோ நில் (அதாவது புரதம் இல்லை) என்றோ சொல்லிவிடும். கசிவு இருவருக்கும் ஒன்றே. ஆகவே ஒருமுறை வந்த 1+ஐ வைத்து நோய் என்று முடிவு கட்ட இயலாது. மறுபரிசோதனை செய்யாமல் விடுவதும் சரியன்று. 2+க்கு மேல் வந்தால் அளந்து பார்க்கும் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

பட்டை பொய்யாக ப்ளஸ் காட்டும் சந்தர்ப்பங்களும் உள்ளன: சிறுநீர் மிகுந்த காரத்தன்மையுடன் இருப்பது, கிருமிநாசினி கலந்திருப்பது, பட்டையின் புட்டி நெடுநேரம் திறந்து கிடந்து ஈரம் ஏறியிருப்பது ஆகியவை.

நுரை நுரையா போகுது. அது புரோட்டீன்தானா?

இருக்கலாம். ஆனால் நுரையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. வேகமாகக் கழித்தாலும், கழிப்பறையில் ஊற்றிய சோப்பு நீர் மிச்சமிருந்தாலும் நுரை வரும். அது சற்று நேரத்தில் அடங்கிவிடும். தண்ணீர் ஊற்றிய பின்னும் அடங்காமல், நாள்தோறும் வந்தால் பரிசோதிக்க வேண்டும். நுரையே இல்லாமலும் ஆல்புமின் கசியலாம்.

போன மாசம் காய்ச்சல் இருந்தப்ப 1+, இப்ப நில்லுன்னு வருது. எது சரி?

இரண்டும் சரியாகவே இருக்கலாம். காய்ச்சல், கடும் உடல் உழைப்பு, சிறுநீர்த் தொற்று, இதயச் செயலிழப்பு ஆகியவற்றின்போது புரதம் தற்காலிகமாக வெளியேறும். காரணம் நீங்கியதும் நின்றுவிடும். பதின்ம வயதுப் பிள்ளைகளில் சிலருக்குப் பகலில் நின்று நடமாடும்போது மட்டும் புரதம் வரும்; இரவு படுத்து எழுந்ததும் எடுத்த சிறுநீரில் இருக்காது. அது நோயாகக் கருதப்படுவதில்லை.

நிலையான கசிவு என்று சொல்ல வேண்டுமானால், மூன்று மாதங்களுக்கு மேலாகத் தொடர்வது தெரிய வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் இரண்டிலாவது ஆல்புமின் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். எனவே பழைய அறிக்கைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மருத்துவருக்கு இன்றைய எண்ணைவிட மூன்று அறிக்கைகளின் போக்கு அதிகம் பயன்படும்.

காலைல முதல் யூரின்தான் வேணுமா? பென்னாகரத்துல இருந்து பஸ் ஏறி வர்றதுக்குள்ள நேரமாயிடுதே.

காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரே சிறந்தது. அது ஓரளவு அடர்த்தியாக இருக்கும். நடமாட்டத்தின் தாக்கமும் அதில் குறைவு. முதலில் சிறிது விட்டுவிட்டு நடுப்பகுதியைச் சுத்தமான டப்பாவில் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்பது நல்லது. நேரமாகும் என்றால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து வரலாம். அதுவும் இயலாவிட்டால் இங்கே வந்து கொடுங்கள். அதில் கூடுதலாக வந்தால் மட்டும் காலை மாதிரியைக் கொண்டு உறுதிசெய்வோம். மாதவிடாய் நாட்களைத் தவிர்க்க வேண்டும். ஊறுகாய்ப் புட்டியைக் கழுவிக் கொண்டுவர வேண்டாம். டப்பாவை நாங்களே தருகிறோம்.

24 மணி நேர யூரின் பிடிக்கச் சொன்னாங்க. எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்?

அதிகம் தவறு நேர்வது இந்தப் பரிசோதனையில்தான். காலை 6 மணிக்குத் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். 6 மணிக்குக் கழிக்கும் சிறுநீர் முந்தைய இரவுடையது. அதை வெளியே கழித்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு பகலிலும் இரவிலும் கழிப்பது ஒரு சொட்டு விடாமல் கேனுக்குள் சேர வேண்டும். மறுநாள் காலை 6 மணிக்குக் கழிப்பதையும் கேனில் சேர்த்தால் கணக்கு முடிந்தது. மலம் கழிக்கப் போகும்போது முதலில் சிறுநீரைக் கேனில் பிடித்துவிட்டுப் போக வேண்டும். கேனைக் குளிர்ந்த இடத்தில் வைத்து, மொத்தத்தையும் கொண்டுவர வேண்டும்.

முதல் நாள் காலைச் சிறுநீரையும் சேர்த்துவிடுவது ஒரு தவறு; கொல்லையிலும் பேருந்து நிலையத்திலும் போனதைக் கணக்கில் விட்டுவிடுவது மற்றொன்று. விட்டுப்போனதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. தசையிலிருந்து உருவாகி நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியாட்டினினையும் அதே கேனில் அளப்பதால் எங்களுக்குத் தெரிந்துவிடும். பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 15 முதல் 25 மி.கி. வரை நாளொன்றுக்குக் கிரியாட்டினின் வெளியேறும்; முதியவர்களுக்குச் சற்றுக் குறையும். 60 கிலோ எடையுள்ள இளைஞரின் கேனில் 500 மி.கி. மட்டுமே இருந்தால் பாதிச் சிறுநீர் வெளியே போய்விட்டது என்று பொருள். அந்த அறிக்கையை நம்பி மருந்தை மாற்றுவது ஆபத்து. மறுநாள் புதிதாகப் பிடிப்பதே மேல்.

ஏ.சி.ஆர்., பி.சி.ஆர்.ன்னு ரெண்டு எழுதித் தர்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. ஏ.சி.ஆர். என்பது ஆல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம், பி.சி.ஆர். என்பது மொத்தப் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். கேன் சுமக்காமல் ஒரே மாதிரியில் நாளளவை மதிப்பிடுவதற்காகவே இவை செய்யப்படுகின்றன. சிறுநீர் நீர்த்தால் புரதமும் கிரியாட்டினினும் சேர்ந்தே நீர்க்கும். டெசிலிட்டருக்கு ஆல்புமின் 12, கிரியாட்டினின் 80 மி.கி. என்றால் விகிதம் ஒரு கிராமுக்கு 150 மி.கி.; அதே நபர் தண்ணீர் நிறையக் குடித்து அவை 6, 40 என்று பாதியானாலும் விகிதம் 150தான். பட்டையின் முக்கியக் குறையை இது நீக்கிவிடுகிறது.

ஏ.சி.ஆர். 30க்குக் கீழ் இருந்தால் இயல்பு அல்லது இயல்பை ஒட்டியது. 30 முதல் 300 வரை மிதமான கூடுதல். 300க்கு மேல் கடுமையான கூடுதல். சில கூடங்கள் கிரியாட்டினினைக் கிராமுக்குப் பதிலாக மில்லிமோல் என்ற அலகில் எழுதும். அங்கே 3 என்பது இங்கே ஏறத்தாழ 30. இரண்டு கூடங்களின் எண்களை ஒப்பிடும் முன் அலகைப் பாருங்கள். 30 மூன்றாகக் குறைந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தசை மெலிந்த முதியவர்களுக்குக் கிரியாட்டினின் குறைவாக வருவதால் விகிதம் உண்மையைவிடக் கூடுதலாகத் தோன்றும். உடல் வலுவான இளைஞர்களுக்கு இதற்கு நேர்மாறாக நடக்கும்.

சுகர் இருக்கு, ஆனா யூரின் ஆல்புமின் நில். அப்புறம் எதுக்கு மைக்ரோ ஆல்புமின்?

நில் என்று எழுதியது பட்டை. அதற்குப் புலப்படாத சிறிய கசிவு 30 முதல் 300 வரையிலான பிரிவில்தான் தொடங்குகிறது. மைக்ரோ ஆல்புமின் என்று பலரும் சொல்வது இந்த அளவையே. இதைக் காட்டுவது ஏ.சி.ஆர். சிகிச்சையால் கசிவைக் குறைக்க நல்ல வாய்ப்புள்ள காலமும் இதுவே. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட அன்றே ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் இதைப் பார்க்க வேண்டும். முதல் வகையினர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு தொடங்கலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருவது பெரிய உதவி. மாத்திரை வந்துவிட்டதே என்று ஆண்டுப் பரிசோதனையை மறந்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

கிரியாட்டினின் நார்மல். அப்ப கிட்னி நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. செயல்திறனில் ஏறத்தாழ பாதியை இழக்கும் வரை இரத்தக் கிரியாட்டினின் இயல்பு எல்லைக்குள்ளேயே இருக்கக்கூடும். சர்க்கரை நோயில் ஆல்புமின் கசிவு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றிவிடலாம். அதனால்தான் உலகெங்கும் சிறுநீரக நோயை, கிரியாட்டினினிலிருந்து கணக்கிடும் வடிகட்டு வேகத்தையும் ஏ.சி.ஆரையும் சேர்த்தே தரம் பிரிக்கிறார்கள்.

எங்க ஊர் போர் தண்ணில ஃபுளோரைடு அதிகம். அதனாலதான் புரோட்டீன் போகுதா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தக் கேள்வி எழாத நாளில்லை. 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்காக வந்ததுதான். ஃபுளோரைடு முதன்மையாகத் தாக்குவது பல்லையும் எலும்பையும். ஆனால் அது உடலைவிட்டு வெளியேறுவது சிறுநீரகத்தின் வழியாகவே என்பதால், சிறுநீரகம் நலிந்தவர் உடலில் அது கூடுதலாகத் தங்கும். அவர்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. புரதக் கசிவுக்குத் தண்ணீரையே காரணம் என்று வைத்துக்கொண்டு சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைகளை விட்டுவிடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. கசிவுக்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

கல் குவாரில வேலை. கிரியாட்டினின் ஏறியிருக்கு, யூரின்ல புரோட்டீன் நில். டெஸ்ட் தப்பா?

தப்பாக இருக்க வேண்டியதில்லை. முதல் விடையில் கூறிய இரண்டாம் வழியை நினைவுகூருங்கள். நோய் வடிகட்டியில் இல்லாமல் நுண்குழாய்களிலும் அவற்றைச் சுற்றிய திசுவிலும் இருந்தால் ஆல்புமின் சிறிதே கசியும். பட்டை நில் காட்டும். இலங்கையின் வடமத்தியப் பகுதி, ஆந்திரத்தின் உத்தானம், மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்கள் ஆகிய இடங்களில் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இல்லாத உழைப்பாளர்களிடம் காணப்படும் சிறுநீரக நோய் இவ்வகையினது. அதன் காரணம் முழுமையாக நிறுவப்படவில்லை; கடும் வெயிலில் நீரிழப்போடு உழைப்பது ஒரு காரணமாகப் பேசப்படுகிறது.

ஆகவே கிரானைட் குவாரியிலும், மாந்தோப்பிலும், செங்கல் சூளையிலும் வெயிலில் உழைப்பவர்கள் சிறுநீரை மட்டும் பார்த்து நிம்மதியடையக் கூடாது. இரத்தக் கிரியாட்டினினையும் பார்க்க வேண்டும். உடல்வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் நீரிழப்போடு சேரும்போது சிறுநீரகத்தைக் கடுமையாகப் பாதிக்கும். அதை இங்கு வரும் ஒவ்வொரு தொழிலாளியிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

களி, கொள்ளு, முட்டை எல்லாம் நிறுத்திடணுமா?

தேவையில்லை. நாட்பட்ட சிறுநீரக நோயில் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் என்ற அளவு பொதுவாகச் சொல்லப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 48 கிராம். கேழ்வரகுக் களி உண்பவர்கள் அந்த அளவை எளிதில் மீறுவதில்லை. குறைக்க வேண்டியது உப்பு: ஊறுகாய், கருவாடு, அப்பளம். உப்பைக் குறைத்தால் மருந்தின் பயனும் கூடும்.

பொண்ணு ஏழு மாசம் கர்ப்பம். யூரின்ல 2+ வந்திருக்கு, அடுத்த செக்கப் வரைக்கும் பொறுக்கலாமா?

பொறுக்கக் கூடாது, அன்றே இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இருபதாம் வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90ஐ எட்டி, பி.சி.ஆர். (ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு எத்தனை கிராம் புரதம் என்ற கணக்கில்) 0.3 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தான நிலை. தலைவலி, பார்வை மங்குதல், மேல்வயிற்று வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புரதம் இல்லாமலும் இந்நிலை வரலாம் என்பதால், நில் என்ற அறிக்கையை வைத்து உயர்ந்த அழுத்தத்தை ஒதுக்கிவிடக் கூடாது.

பையனுக்குக் காலைல முகம் வீங்குது. தினமும் வீட்லயே யூரின் பாக்கச் சொல்றாங்க, எங்களால முடியுமாண்ணா?

முடியும். குழந்தைகளுக்கு வரும் நெஃப்ராடிக் நோயில் புரதம் மிகுதியாகக் கசிந்து, இரத்தத்தில் ஆல்புமின் குறைந்து, முகமும் கண்ணிமையும் வீங்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு மருந்தில் குணம் தெரியும். ஆனால் மீண்டும் மீண்டும் திரும்பக்கூடியது. வீக்கம் தெரிவதற்கு முன்பே அதைப் பிடிக்கத்தான் வீட்டுப் பரிசோதனை. பட்டையைப் பயன்படுத்தலாம். அல்லது மருத்துவமனையில் தரும் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சொன்ன அளவில் குழாயிலுள்ள சிறுநீரோடு சேர்த்து, குழாய்க்குப் பின்னால் நாளிதழைப் பிடித்துப் பாருங்கள்: எழுத்து தெளிவாகத் தெரிந்தால் புரதம் இல்லை, மங்கினால் இருக்கிறது, தயிர்போலத் திரிந்தால் மிக அதிகம்.

தொடர்ந்து மூன்று நாள் காலையில் 3+ அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் திரும்பிவிட்டது. மூன்று நாள் நில் அல்லது ட்ரேஸ் வந்தால் அடங்கியது. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சளிக் காய்ச்சலில் ஒரு நாள் கூடியதற்கும் உண்மையில் திரும்பியதற்கும் வேறுபாடு அந்த நோட்டில்தான் தெரியும். சிரங்கோ தொண்டைப் புண்ணோ வந்து சில வாரங்களில் முகம் வீங்கி, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் அது வேறு நோய். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மாத்திரை ஆரம்பிச்ச பிறகு புரோட்டீன் குறைஞ்சுது, ஆனா கிரியாட்டினின் கொஞ்சம் ஏறிடுச்சு. மாத்திரைய நிறுத்திடட்டுமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். ராமிப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் வடிகட்டிக்குள் உள்ள அழுத்தத்தைக் குறைத்தே கசிவைக் குறைக்கின்றன; அதன் விளைவாகத் தொடக்கத்தில் கிரியாட்டினின் சற்று ஏறும். 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்கு மேல் ஏறினாலும், பொட்டாசியம் கூடினாலும் மருத்துவர் மாற்றுவார். வாந்தி, பேதி வந்தாலும், கருத்தரிக்கத் திட்டமிட்டாலும் உடனே தெரிவிக்க வேண்டும். டபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மருந்தை எடுப்பவர்களின் சிறுநீரில் சர்க்கரை வருவது அந்த மருந்தின் இயல்பு. அதைக் கண்டு பதற வேண்டாம்.

நாட்டு மருந்துல புரோட்டீன் நின்னுடும்னு சொல்றாங்களே?

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க நான் விரும்பவில்லை. ஆனால் பாதரசம் கலந்த மருந்துகளும் முகப்பூச்சுகளும் புரதக் கசிவையே உண்டாக்கக் கூடியவை. பாரம்பரிய மருந்துகளுக்கும் வடிகட்டியைத் தடிக்கச் செய்யும் ஒருவகை நோய்க்கும் உள்ள தொடர்பை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2022இல் வெளியிட்டுள்ளனர். வெளுக்கச் செய்யும் முகப்பூச்சுகளால் அதே நோய் வந்ததைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். புரதம் கூடுதலாக வந்தால், என்ன சாப்பிட்டீர்கள், என்ன பூசினீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பலருக்கு நிறுத்தியதும் கசிவு குறைகிறது.

பட்டைல 1+ மட்டும்தான், ஆனா பி.சி.ஆர். 4ன்னு வருது. லேப்ல மாத்திட்டாங்களா?

மாதிரி மாறியதா என்று நாங்களும் முதலில் பார்ப்போம். மாறவில்லை என்றால் இது மிக முக்கியமான தடயம். பட்டையின் சாயம் ஆல்புமினையே நன்றாகப் பிடிக்கும், பி.சி.ஆர். எல்லாப் புரதத்தையும் கணக்கில் எடுக்கும். இரண்டுக்கும் இவ்வளவு இடைவெளி இருந்தால் ஆல்புமின் அல்லாத ஏதோ ஒரு புரதம் பெருமளவில் வருகிறது. முதல் விடையில் சொன்ன மூன்றாம் வழி இதுதான். எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா என்ற புற்றுநோயில் உற்பத்தியாகும் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் இவ்வாறு பட்டையிடம் தப்பிவிடும். சல்ஃபோசாலிசிலிக் அமிலம் அதைக் கலங்கச் செய்யும். எந்தப் புரதம் என்பதை எலக்ட்ரோஃபோரசிஸ் என்ற பரிசோதனை பிரித்துக் காட்டும். ஐம்பது வயதைக் கடந்தவருக்கு முதுகு வலி, இரத்தசோகை, ஏறும் கிரியாட்டினின் ஆகியவற்றோடு இந்த இடைவெளியும் இருந்தால், அந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு டெஸ்டும் பண்ணியாச்சு. இன்னும் எதுக்கு பயாப்சி?

சிறுநீர்ப் பரிசோதனை எவ்வளவு கசிகிறது என்பதையும் எவ்வகைப் புரதம் என்பதையும் சொல்லும். வடிகட்டியில் என்ன பழுது என்பதைச் சொல்லாது. நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் கசியும் இருவரில் ஒருவருக்கு ஸ்டீராய்டு பலிக்கும்; மற்றவருக்குப் பலிக்காது. எந்த நோய் என்று, பயாப்சியில் ஊசியால் எடுக்கும் சிறுநீரகத் திசுவைப் பார்த்தால்தான் மருந்தைத் தேர்வு செய்ய முடியும். புரதத்தோடு சிவப்பணுக்களும் வருவது, கிரியாட்டினின் விரைந்து ஏறுவது, சர்க்கரை நோயாளியாக இருந்தும் கண்ணின் விழித்திரையில் பாதிப்பே இல்லாமல் திடீரென்று கசிவு கூடுவது ஆகிய நிலைகளில் பெரியவர்களுக்குப் பயாப்சி பரிந்துரைக்கப்படும். முதன்முறையாக நெஃப்ராடிக் நோய் வந்த சிறு குழந்தைக்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. பயாப்சிக்குச் செல்லும்போது, எங்கள் அறிக்கைகளோடு உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தத்தை உறையவிடாத மாத்திரைகளை முன்கூட்டியே நிறுத்த வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.